விளிம்பைப் பார்த்து வாங்கு: தொண்டர் படை வெண்கலப் பதக்கங்களில் எது முதலில்?

என் தங்கை மகனுக்கு வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. சம்பளத்தில் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். "மாமா, பெரிய தளபதி, பெரிய ராஜா யாரோட மெடலும் வேண்டாம். ஊர்க்காரங்க தாங்களாகவே பேர் கொடுத்துச் சேர்ந்து போன படை இருக்குமில்ல, அவங்களுக்குக் கொடுத்த வெண்கல மெடல் ஒண்ணே ஒண்ணு வேணும். எதை வாங்கட்டும்?" என்றான்.

மூன்று பெயர்களை அவனே குறித்துக்கொண்டு வந்திருந்தான். முதலாவது, நெப்போலியனை எதிர்த்து 1813இல் எழுந்த, பிரஷ்யா என்ற ஜெர்மானிய நாட்டின் படைக்கு, பீரங்கி உலோகத்தில் செய்து கொடுத்த பதக்கம். இரண்டாவது, அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தன் தொண்டர்களுக்கு அடித்துக் கொடுத்தது. மூன்றாவது, சுவிட்சர்லாந்தின் துப்பாக்கி சுடும் விழாப் பதக்கம். மூன்றும் வெண்கலம்தான், மூன்றும் வட்டம்தான், மூன்றுக்கும் ஊர்ப் படையோடு உறவு உண்டு. ஆனால் மூன்றையும் வாங்க அவனிடம் பணம் இல்லை. இருபது வருடமாகச் சேகரிக்கிற எனக்கும் ஒரே நேரத்தில் மூன்று வாங்கும் வசதி இருந்ததில்லை. எதில் தொடங்குவது என்பதுதான் கேள்வி.

அவனிடம் முதலில் சொன்னது இது: முகப்பைப் பார்க்காதே, விளிம்பைப் பார். பதக்கத்தின் முகப்பில் இருப்பது கொடுத்தவர் சொல்ல விரும்பியது. கிரீடம், தேவதை, இலை மாலை எல்லாம் அங்கே இருக்கும். யாருக்குக் கொடுத்தார்கள், எந்த மனதோடு கொடுத்தார்கள் என்பது பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள அந்த விளிம்பில்தான் தெரியும்.

வெண்கலம் என்றவுடன் இன்னொரு விஷயத்தையும் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. நம் பக்கத்துச் சேகரிப்பாளர்கள் பலர் பிரிட்டிஷ் இந்தியப் பதக்கங்களில் பழகியவர்கள். அங்கே வெண்கலம் என்றால் கீழ்ப்படி. 1903, 1904இல் திபெத்துக்குப் போன படையெடுப்புக்கான பதக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிப்பாய்க்கு வெள்ளி, மூட்டை தூக்கியவனுக்கு வெண்கலம். அந்த வெண்கலத்தின் விளிம்பில், பெயருக்கு முன்னால், மற்றவர்களுக்குச் 'சிப்பாய்' என்று போடும் இடத்தில், சாய்வெழுத்தில் 'கூலி' என்று பொறித்திருப்பார்கள். ஒருமுறை நாணயக் கண்காட்சியில் அப்படி ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பியபோது, ஆங்கில எழுத்தில் இருந்த அந்தச் சொல்லை வாய் தமிழில்தான் படித்தது. கொஞ்ச நேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டன் நடத்திய போயர் போருக்கான பதக்கத்திலும் இதே கதைதான். படையோடு போன இந்தியப் பணியாளர்களுக்கு வெண்கலம், போரிட்டவர்களுக்கு வெள்ளி.

ஆனால் வெண்கலம் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் கர்னலுக்கும் வெண்கலம்தான், கடைசி வரிசையில் நின்றவனுக்கும் வெண்கலம்தான். ஆகவே வெண்கலம் என்றாலே தாழ்ந்தது என்ற எண்ணத்தை முதலில் கழற்றி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

பிரஷ்யாவிலிருந்து தொடங்குகிறேன். கதை பெரிது, கவர்ச்சியும் பெரிது. 1806இல் நெப்போலியனிடம் படுதோல்வி கண்டு, பாதி நாட்டை இழந்து, படையையும் சுருக்கிக்கொண்ட நாடு அது. 1813 மார்ச் 17 அன்று மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் பிரெஸ்லா நகரில் மக்களுக்கு அறைகூவல் விடுத்தார். அதே நாளில்தான் லாண்ட்வேர் என்ற ஊர்ப்படைக்கான ஆணையும் வந்தது. ஆட்களைத் திரட்டுவதும் உடுப்புக் கொடுப்பதும் அந்தந்த மாவட்டத்தின் பொறுப்பு. காலில் சரியான செருப்பில்லாமல் வந்தவர்கள் ஏராளம். தொப்பியில் ஒரு சிறு சிலுவை, அதில் 'கடவுளோடு, மன்னருக்கும் தாய்நாட்டுக்கும்' என்ற வாசகம். வசதி உள்ள இளைஞர்கள் சொந்தச் செலவில் உடுப்பும் துப்பாக்கியும் வாங்கிக்கொண்டு தொண்டர் வேட்டைப் படைகளில் சேர்ந்தார்கள். வீட்டில் இருந்த பெண்கள் தங்க நகையைக் கொடுத்துவிட்டு இரும்பு நகையை வாங்கி அணிந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று ஹாகல்பெர்க்கில் மழை கொட்டியது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்காமல் போனது. அந்தப் புதுப்படை துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து, அடிக்கட்டையால் அடித்தே சண்டையை முடித்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் மன்னர் நிறுவிய பதக்கம் சின்னது, பார்வைக்கு எளிமையானது. ஒரு பக்கம் அரசரின் பெயரெழுத்துகளும் 'கடவுள் நம்மோடிருந்தார், பெருமை அவருக்கே' என்ற வரியும். மறுபக்கம் ஒரு சிலுவை, நடுவில் ஆண்டு. விளிம்பில் ஜெர்மனில் மூன்று சொற்கள். பொருள், 'கைப்பற்றிய பீரங்கியிலிருந்து.' உண்மையாகவே பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி அடித்த உலோகம் அது. எதிரியின் பீரங்கியை உருக்கிச் சண்டை போட்டவனின் நெஞ்சில் குத்துவது என்ற யோசனையைக் கேட்டால் யாருக்கும் மயிர்க்கூச்செறியும். என் மருமகனுக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் அந்த விளிம்பில் ஆள் இல்லை. உலோகம் எங்கிருந்து வந்தது என்று இருக்கிறது, யாரிடம் போனது என்று இல்லை. கையில் இருக்கும் பதக்கம் ஹாகல்பெர்க்கில் நின்ற உழவன் வாங்கியதா, போட்ஸ்டாம் காவலர் படையின் அதிகாரி வாங்கியதா என்று சொல்ல வழியே இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே பதக்கம். சமத்துவம் என்ற கோணத்தில் அது நல்லதுதான். ஆனால் 'ஊர்த் தொண்டர் படைக்குக் கொடுத்தது' என்று தேடுகிறவனுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. கூடவே, லாண்ட்வேரில் எல்லோரும் தாங்களாக வந்தவர்களும் இல்லை. சீட்டுக் குலுக்கி எடுத்த ஆட்களும் உண்டு. இருநூறு ஆண்டு பழையது என்பதால் பின்னால் செய்த பிரதிகளும் சுற்றுகின்றன. விளிம்பில் பீரங்கி வாசகம் வேண்டும் என்பது மட்டும்தான் ஆசை என்றால் 1870, 71 போருக்கு ஜெர்மனி கொடுத்த வெண்கலப் பதக்கத்திலும் அதே வாசகம் இருக்கிறது. அது நிறையக் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது.

சுவிட்சர்லாந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடே ஊர்ப்படையாக இருக்கும் இடம் அது. படைச் சேவைக்குரிய ஆண் தன் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பான், வருடத்துக்கு ஒருமுறை 300 மீட்டர் தொலைவில் குறி சுட்டுக் காட்ட வேண்டும். 1824இல் ஆராவ் நகரில் தொடங்கிய கூட்டாட்சித் துப்பாக்கி விழாவும், மாகாண விழாக்களும், கிராம விழாக்களும் இந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்தவை. ஒவ்வொரு விழாவுக்கும் பதக்கம். ஜெனீவாவின் ஹியூக் போவி செதுக்கியதும், லெ லோக்கிலில் ஹுகெனின் சகோதரர்களின் பட்டறையில் அடித்ததும் கலையழகில் மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். குறி பார்க்கும் ஆளின் தோள் தசை, சுவிஸ் கதை நாயகன் வில்லியம் டெல்லின் தாடி, பின்னால் மலைமுகடு என்று ஒவ்வொன்றும் கண்ணில் நிற்கும். விலை குறைவு, போலி குறைவு, வகைகளோ ஏராளம். பத்து வாங்கி வரிசையாக அடுக்க வேண்டும் என்றால் இதுதான் சரி.

ஆனால் இது பரிசு. நன்றாகச் சுட்டவனுக்கும் விழாவுக்கு வந்தவனுக்கும் கிடைத்தது. வீட்டை விட்டுக் கிளம்பி, திரும்பி வருவோமா என்று தெரியாமல் போனவனுக்கு ஊர் சொன்ன நன்றி இதில் இல்லை. விளிம்பும் பெரும்பாலும் வெறுமையாகத்தான் இருக்கும். தங்கை மகன் கேட்டது அந்த நன்றியை. அதனால் சுவிஸ் பதக்கத்தை இரண்டாவது, மூன்றாவது வாங்கலுக்குத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

சரி, மேற்கு வர்ஜீனியா. இதற்குத்தான் நான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

1861இல் வர்ஜீனியா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்து தெற்கு மாநிலங்களோடு போனது. அதன் மேற்கு மலைப் பகுதி மாவட்டங்கள் 'நாங்கள் வரமாட்டோம்' என்று நின்று, 1863 ஜூன் 20 அன்று தனி மாநிலம் ஆயின. போர் நடக்கும்போதே பிறந்த மாநிலம். வீட்டுக்கு வீடு பிளவு. அதே மலைகளிலிருந்து தெற்குப் படைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, 1866 பிப்ரவரியில், அந்தக் குட்டி மாநிலத்தின் சட்டமன்றம் ஒன்றியத்துக்காகப் போரிட்ட தன் தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் பதக்கம் என்று தீர்மானித்தது. கடன் சுமையோடு பிறந்த மாநிலம் ஏறக்குறைய 26,000 பதக்கங்களை அடித்தது.

மூன்று வகை. மரியாதையுடன் விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒன்று. களத்தில் இறந்தவர்களுக்கு ஒன்று. காயத்தாலோ நோயாலோ பின்னால் இறந்தவர்களுக்கு 'விடுதலைக்காக' என்ற சொற்களோடு இன்னொன்று. அந்த மூன்றாவது வகையை யோசித்துப் பாருங்கள். அந்தப் போரில் குண்டு பட்டுச் செத்தவர்களைவிட வயிற்றுப்போக்கிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள்தான் அதிகம். பல நாடுகள் கூடாரத்தில் பேதியால் செத்தவனைக் கணக்கில் வைப்பதே இல்லை. இவர்கள் அவனுக்கென்று தனி அச்சு வெட்டினார்கள்.

முகப்பில் சுதந்திர தேவி ஒரு வீரனுக்கு மாலை சூட்டுகிறாள். 'மேற்கு வர்ஜீனியா மாநிலம் வழங்கியது' என்று சுற்றிலும் எழுத்து. அழகு என்று பார்த்தால் சுவிஸ் வேலைப்பாட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. ஆனால் விளிம்பைத் திருப்பினால் அந்த ஆளின் பெயர் இருக்கிறது, அவன் எந்தப் படைப்பிரிவு என்றும் இருக்கிறது. பெயரை வைத்துக்கொண்டு படைப் பட்டியலைத் தேடலாம். எந்த ஊரில் சேர்ந்தான், என்ன வயது, எங்கே காயம் பட்டது, எப்போது வீடு திரும்பினான் என்பதெல்லாம் பலருக்குக் கிடைத்துவிடும். ஒரு வட்டத் தகடு ஓர் ஆளாகிவிடும்.

இந்த 26,000இல் சில ஆயிரம் பதக்கங்கள் இன்றும் சார்ல்ஸ்டனில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, உரியவர் வராமல். மேற்கு வர்ஜீனியப் படைகளில் சேர்ந்த பலர் பக்கத்து ஒஹாயோவிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் வந்தவர்கள். போர் முடிந்ததும் தங்கள் ஊருக்கோ இன்னும் மேற்கேயோ போய்விட்டார்கள். கடிதம் அவர்களை எட்டவில்லை. காப்பகம் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறது. வாரிசு என்று சான்று காட்டினால் கொள்ளுப்பேரனோ எள்ளுப்பேத்தியோ வாங்கிக்கொண்டு போகலாம். நூற்றைம்பது வருடத்துக்கு மேலாக ஓர் அலுவலகம் ஒருவனின் பெயரை எழுதிய பொருளை அவன் வீட்டாருக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

இதையே என் மருமகன் எதிர்வாதமாகவும் வைத்தான். "அப்போ சந்தையில வர்றது யாரோட வீட்டுப் பொருள் மாமா? அதை நான் வாங்குறது சரியா?" நல்ல கேள்வி. காப்பகத்தில் உள்ளவை வெளியே வருவது வாரிசுகளிடம் மட்டும்தான். விற்பனைக்கு வருபவை பொதுவாக அன்றே கைக்குப் போய், பிறகு குடும்பம் விற்றவை. வாங்கலாம். ஆனால் வாங்குகிறவன் அந்தப் பெயரைத் தேடிப் படித்து, எழுதி, பதக்கத்தோடு வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பெயரைப் படிக்காமல் பெட்டிக்குள் போடுவதற்கு சுவிஸ் பதக்கமே போதும்.

நான்காவதாக ஒன்றையும் யோசித்தான். பென்சில்வேனியாவின் 'முதல் காப்பாளர்கள்' பதக்கம். 1861 ஏப்ரலில் லிங்கன் 75,000 ஊர்ப்படையினரை அழைத்தபோது தலைநகர் வாஷிங்டனை முதலில் எட்டியவை ரெடிங், பாட்ஸ்வில், ஆலன்டவுன், லூயிஸ்டவுன் ஊர்களின் ஐந்து கம்பெனிகள், ஏறக்குறைய ஐந்நூறு பேர். ஊர்த் தொண்டர் படை என்றால் இதைவிட அசலானது கிடைக்காது. மாநிலம் 1890களில்தான் அவர்களுக்கு வெண்கலப் பதக்கம் கொடுத்தது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். ஐந்நூறு பேர்தான் என்பதால் சந்தையில் அரிது. முதல் சம்பளத்தில் எட்டாது.

ஆனால் அந்த ஐந்நூறு பேருடன் போன ஒருவரைப் பற்றி அவனுக்குச் சொன்னேன். நிக்கோலஸ் பிடில், பாட்ஸ்வில்காரர், கறுப்பினத்தவர், அப்போது 65 வயது. கேப்டனின் பணியாளாகச் சீருடையோடு கூடவே நடந்தார். ஏப்ரல் 18 அன்று பால்டிமோர் தெருவில் கூட்டம் கல்லெறிந்தது. செங்கல் ஒன்று அவர் தலையில் பட்டு எலும்பு தெரியும்படி கிழித்தது. அந்தப் போரில் முதலில் சிந்திய ரத்தம் அவருடையது என்று ஊர் இன்றும் சொல்கிறது. கறுப்பினத்தவரைப் படையில் பதிவு செய்யாத காலம், அதனால் பட்டியலில் அவர் பெயர் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. 1876இல் வறுமையில் இறந்தார். உடன் நடந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கல் நாட்டினார்கள். முதல் ரத்தம் சிந்திய பெருமை இவருக்கு என்று அந்தக் கல்லில் எழுதினார்கள்.

இது நமக்குத் தூரத்துக் கதை இல்லை. 1899 டிசம்பரில், அதே போயர் போருக்காக, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் 1,100 பேர். அவர்களில் சுமார் 300 பேர் சுதந்திரமானவர்கள், மற்றவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் போனவர்களில் பெரும்பகுதி மதராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கொலென்சோவிலும் ஸ்பியன் காப்பிலும் காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களை டோலியில் தூக்கி மைல்கணக்கில் நடந்தார்கள். பதக்கம் தலைவர்களுக்குக் கிடைத்தது, அவர்கள் நாற்பது பேருக்குள். தூக்கிய தோள்களுக்கு இல்லை. காந்தி தன் பதக்கங்களை 1920 ஆகஸ்டில் வைஸ்ராய்க்குத் திருப்பி அனுப்பினார். தூக்கியவர்களிடம் திருப்பி அனுப்பவும் ஒன்றும் இல்லை.

பெயர் பொறித்த விளிம்பை நான் இவ்வளவு வலியுறுத்துவது இதனால்தான். பெயர் இருக்கிற பதக்கத்தைக் கையில் எடுத்தால் பெயர் இல்லாமல் போனவர்களின் நினைவும் சேர்ந்தே வருகிறது. பீரங்கி உலோகம் அந்த வேலையைச் செய்யாது.

முடிவு மேற்கு வர்ஜீனியா என்று ஆனது. அதிலும் 'மரியாதையுடன் விடுவிக்கப்பட்டவர்' வகை. அதுதான் அதிகம் அடிக்கப்பட்டது, கிடைப்பதும் அதுதான். களத்தில் இறந்தவர் வகை மிகக் குறைவு, விலை ஏறிக்கொண்டே போகும். அப்புறம் வாங்கும் முறைக்கு வந்தோம்.

விற்பவரிடம் விளிம்பைச் சுற்றி நான்கு படம் கேட்கச் சொன்னேன். பெயர் முழுவதும் தெரிய வேண்டும். வார்த்து எடுத்த போலியில் விளிம்பில் இணைப்புக் கோடோ, அதை மறைக்க அரம் தேய்த்த கீறலோ இருக்கும். எழுத்துகளின் ஓரம் சோப்பு போல மழுங்கியிருக்கும், தட்டையான இடத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரியும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அசலைவிட ஒரு மயிரிழை சிறிதாகவும் இருக்கும். பழைய பெயரைத் தேய்த்துவிட்டு வேறு பெயர் பொறித்திருந்தால், வெர்னியர் அளவுகருவியை நான்கு திசையில் வைத்து அளந்தால் விட்டம் ஒரே மாதிரி வராது.

இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன். வந்ததும் அம்மாவிடம் கொடுக்காதே. என் தங்கைக்கு வெண்கலம் என்றால் புளியும் சாம்பலும்தான் நினைவுக்கு வரும். ஒரு வருடம் முன்பு என்னிடம் இருந்த அழகான சுவிஸ் பதக்கம் ஒன்றை, நான் வெளியூர் போயிருந்தபோது, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். பாசத்தில் செய்த வேலை. தொண்ணூறு வருடம் சேர்ந்த பழுப்புப் படலம் போய், புது வாணலி மாதிரி பளபளத்தது. வீரனின் முகத்தில் மூக்கு மழுங்கியிருந்தது. அந்தப் படலம் உலோகத்துக்குப் போர்வை, அழுக்கு இல்லை. தேய்த்தால் போனது போனதுதான்.

பச்சையாக, மாவு போல உதிரும் புள்ளி தெரிந்தால் மட்டும் கவலைப்பட வேண்டும். உப்பு உள்ளே புகுந்து அரிக்கிறது என்று அர்த்தம். வெறுமே படிந்து கெட்டியாக இருக்கும் களிம்பு அவ்வளவு ஆபத்தில்லை. கடலோர ஊர்களில் ஈரம் அதிகம் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது நல்லது. கையால் முகப்பைத் தொடாமல் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். கைக்குப் பருத்தி உறை போட்டால் இன்னும் நல்லது, பெயர் தேயாது.

நேற்று இரவு போன் செய்தான். ஒரு பதக்கம் பார்த்திருக்கிறான், விற்பவர் படம் அனுப்பிவிட்டார். விலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பெயரில் இரண்டாவது எழுத்து சரியாகத் தெரியவில்லையாம், பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, படைப் பட்டியல்ல இந்தப் பெயரில ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் கொல்லர், இன்னொருத்தர் விவசாயி. எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" விளிம்பில் படைப்பிரிவின் எண் இருக்கும், பார் என்றேன். லைனில் இருந்தபடியே தேடத் தொடங்கிவிட்டான்.